வளரும் கம்பெனியும் வளரும் வெறுப்பும்

‘காய்த்த மரந்தான் கல்லெறி படும்’ என்பது பழமொழி. பெரிய வியாபார நிறுவனங்களின்மீது பொதுமக்கள் குறை கூறும்போதெல்லாம், அந்நிறுவனங்களின் சார்பிற் பேசுவோர் எடுத்துக்காட்டும் முதற் சான்று இப்பழமொழியே. உழைத்து உயர்ந்தவனைக் கண்டு உயராதவன் கொள்ளும் பொறாமை என்று அவர்கள் முடிவு கட்டிவிடுவர். எதிர்ப்புறத்தில் நிற்போரோ, பிறர் வயிற்றில் அடியாமல் எவரும் இவ்வளவு பெருக்க முடியாது என்பர். முதற் கூற்று மக்களையெல்லாம் குற்றவாளிகளாக்குகிறது; இரண்டாவது கூற்று பெருத்தவர்களையெல்லாம் குற்றவாளிகளாக்குகிறது. இவ்விரண்டுள் எது உண்மை?

இதனைப் பொதுப்பட வாதிப்பதினும், ஒரு கம்பெனியின் சரித்திரத்தை எடுத்துப் பார்ப்பது பயன் தரும். அமெரிக்காவில் தோன்றி, உலகின் மூலை முடுக்கெல்லாம் விளக்கெரித்த ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பெனியைப் போல இதற்கு ஏற்ற உதாரணம் வேறொன்றைக் காண்பது அரிது. ஒரு நிறுவனம் எவ்வாறு வளர்கிறது, வளரும்போதே எவ்வாறு வெறுப்பையும் வளர்க்கிறது என்பது அதன் கதையிற் பளிங்கிற் போலத் தெரிகின்றது.

1859ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பென்சில்வேனியா மாகாணத்து டைற்றஸ்வில் என்னும் சிற்றூரில், எட்வின் டிறேக் என்பவர் ஏறக்குறைய 70 அடி ஆழத்திற் துளையிட்டு எண்ணெய் கண்டார். அதுவரை திமிங்கிலத்தின் கொழுப்பையும் மெழுகையும் எரித்து வந்த வீடுகளுக்கு மண்ணெண்ணெய் என்னும் புதிய ஒளி கிடைத்தது. எண்ணெய் வயலை நோக்கி மக்கள் திரள் திரளாக ஓடினர். கிணறு தோண்டினோர் பலர். சுத்திகரிப்பு ஆலை வைத்தோர் பலர். ஒரே நாளிற் செல்வரானோரும், மறுநாளே ஓட்டாண்டிகளானோரும் பலர். இந்த அமளிக்கு நடுவே, கிளீவ்லாந்து நகரில் 1863ஆம் ஆண்டு சுத்திகரிப்புத் தொழிலில் இறங்கினார் ஜோன் டி. ரொக்பெல்லர் என்னும் இளைஞர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்து நான்கு. 1870ஆம் ஆண்டு ஜனவரியில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் பத்து இலட்சம் டொலர் முதலுடன் ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பெனியை நிறுவினர்.

ரொக்பெல்லர் சிக்கனத்தின் திருவுருவம். பிற ஆலைக்காரர் பீப்பாய்களை விலைக்கு வாங்கினர்; அவரோ மரம் வாங்கி உலர்த்தித் தாமே பீப்பாய் செய்வித்து, அச்செலவை அரைவாசிக்கும் கீழே குறைத்தார். பிறர் கழிவென்று ஆற்றிற் கொட்டியவற்றிலிருந்து மெழுகும் இயந்திர எண்ணெயும் எடுத்து விற்றார். மண்ணெண்ணெய்த் தகரங்களை மூடி ஒட்டுவதற்கு நாற்பது துளி ஈயப்பற்று இடப்படுவதைக் கண்ட அவர், முப்பத்தெட்டுத் துளி போதாதா என்று வினவினாராம். முப்பத்தெட்டுத் துளியிட்ட தகரங்களிற் சில ஒழுகின. முப்பத்தொன்பது துளியிட்டவை ஒழுகவில்லை. அன்று முதல் முப்பத்தொன்பதே விதியாயிற்று. ஒரு துளி அற்பமானதே. ஆயினும் கோடிக்கணக்கான தகரங்களுக்கு ஒவ்வொரு துளியாகச் சேர்ந்தால் அதுவே ஒரு செல்வம்.

இவ்வாறு மிச்சமான செலவின் ஒரு பகுதி வாங்குவோருக்கும் கிடைத்தது. 1870ஆம் ஆண்டளவில் ஒரு கலன் மண்ணெண்ணெய் இருபது சதத்துக்கு மேல் விற்றது. 1880களின் நடுப்பகுதியில் அது பத்துச் சதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மாலையானதும் படுக்கைக்குச் சென்ற ஏழைக் குடும்பங்கள் இரவிலும் வாசிக்கவும் தைக்கவும் விளக்கேற்றின. இவ்வளவு நன்மை செய்த கம்பெனியை மக்கள் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டுமல்லவா? நிகழ்ந்ததோ இதற்கு நேர்மாறானது. அமெரிக்க மக்களால் மிகவும் வெறுக்கப்பட்ட வியாபார நிறுவனம் எதுவென்று அக்காலத்தில் எவரைக் கேட்டிருப்பினும் ஸ்டாண்டர்ட் ஒயில் என்றே மறுமொழி வந்திருக்கும்.

இதன் வேரைத் தேடினால் 1872ஆம் ஆண்டுக்குச் செல்லவேண்டும். எண்ணெயைக் கொண்டு செல்வதற்கு அக்காலத்திற் புகையிரதமே பெரு வழி. பென்சில்வேனியா, ஈரி, நியூயோர்க் மத்திய புகையிரதக் கம்பெனிகள் மூன்றும், ரொக்பெல்லரும் வேறு சில பெரிய ஆலைக்காரரும் சேர்ந்த தென் அபிவிருத்திக் கம்பெனி என்னும் அமைப்புடன் ஓர் இரகசிய உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி எண்ணெய்க்குரிய வண்டிக் கூலி எல்லோருக்கும் உயர்த்தப்படும். கூட்டிற் சேர்ந்தவர்களுக்கு அக்கூலியில் ஒரு பங்கு கழிவாகத் திருப்பிக் கொடுக்கப்படும். கூட்டிற் சேராதவர்கள் கட்டும் கூலியிலும் ஒரு பங்கு இக்கூட்டத்தாருக்கே வழங்கப்படும்! அதாவது, ஒருவன் தன் எண்ணெயைச் சந்தைக்கு அனுப்பும் ஒவ்வொரு தடவையும் தன் எதிரியின் பணப்பெட்டிக்குக் காசு போடுகிறான். அதுமட்டுமன்று, யார் எவ்வளவு எண்ணெயை எங்கே அனுப்புகிறார் என்னும் விபரமும் நாள்தோறும் கூட்டத்தாருக்குத் தெரிவிக்கப்படும் என்பது ஏற்பாடு.

அவ்வாண்டு பெப்ருவரி மாதத்தில் உயர்ந்த கூலி எதிர்பாராமல் வெளிப்பட்டபோது எண்ணெய் வயல் முழுவதும் கொதித்தெழுந்தது. டைற்றஸ்வில்லிலும் ஒயில் சிற்றியிலும் ஆயிரக்கணக்கானோர் கூடி, கூட்டத்தாருக்கு எண்ணெய் விற்பதில்லை என்று தீர்மானித்தனர். மார்ச் மாதத்திற் புகையிரதக் கம்பெனிகள் பணிந்தன. ஏப்ரலில் மாகாண சட்டசபை அக்கம்பெனியின் உரிமைப் பத்திரத்தை இரத்துச் செய்தது. அந்த உடன்படிக்கையின்கீழ் ஒரு பீப்பாய் எண்ணெய்தானும் கொண்டு செல்லப்படவில்லை. எனினும் அதன் நிழல் வீழ்ந்திருந்த சில வாரங்களுக்குள், கிளீவ்லாந்து நகரிலிருந்த 26 போட்டி ஆலைகளில் 22 ஆலைகள் ஸ்டாண்டர்ட் ஒயிலின் வசமாயின. 1880ஆம் ஆண்டளவில் நாட்டின் சுத்திகரிப்பில் நூற்றுக்கு 90 வீதமளவு அக்கம்பெனியின் கைக்குள் வந்தது.

இச்சரித்திரத்திலிருந்து வெறுப்பின் காரணங்கள் ஒவ்வொன்றாகப் புலப்படுகின்றன.

முதலாவது காரணம், நன்மை பரந்து கிடக்கிறது, தீமை குவிந்து கிடக்கிறது என்பதாகும். விலை இறங்கியதால் ஒரு குடும்பம் மாதமொன்றுக்குச் சில சதங்களை மிச்சப்படுத்தியது. அதனை அக்குடும்பம் இரண்டொரு மாதத்தில் மறந்தும் விட்டது. ஆனால் இருபதாண்டு பாடுபட்டு அமைத்த ஆலையை, வேறு வழியின்றி, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியவன் அதனை மறப்பானா? அவன் மறந்தாலும் அவன் பிள்ளைகள் மறப்பார்களா? நன்றிக்கு ஆயுள் குறைவு. நோவுக்கு ஆயுள் நீளம். கம்பெனிக்காரர் விலைப்பட்டியலைக் காட்டி வாதாடுகின்றனர்; மக்களோ தம் அயலவனின் மூடிய கதவைக் காண்கின்றனர்.

இரண்டாவது காரணம், அளவு மாறும்போது செயலின் தன்மையும் மாறுகிறது என்பதாகும். வண்டிக் கூலியிற் கழிவு பெறுவது அக்கால வழக்கமே. எல்லோரும் பெற்றதையே தாமும் பெற்றதாக ரொக்பெல்லர் தரப்பினர் வாதாடினர். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் சந்தையில் ஒரு சிறு கடைக்காரன் வண்டிக்காரனோடு பேரம் பேசிக் கூலியைக் குறைப்பதும், நாட்டின் வழிகளையெல்லாம் தன் கையில் வைத்திருப்பவன் அதையே செய்வதும் ஒன்றாகா. சிறியவன் செய்யும்போது அது சாமர்த்தியம். பெரியவன் செய்யும்போது அது பிறருக்குச் சட்டமாகி விடுகிறது. வளர்ந்த கம்பெனிகள் பல இதனை உணர்வதில்லை. தாம் சிறுமையிற் பழகிய பழக்கங்களையே பெருமையிலும் கைக்கொள்கின்றன. நேற்று வரை எவரும் குறை கூறாத ஒன்றை இன்று ஏன் குறை கூறுகின்றனர் என்று அவை மெய்யாகவே வியக்கின்றன.

மூன்றாவது காரணம், விலகிச் செல்ல வழியின்மை. ஒரு கடையிற் சரக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகலாம். மனத்தாங்கல் அவ்வளவில் ஆறிவிடும். எங்குச் சென்றாலும் ஒரே கடைதான் என்றால், காலால் நடந்து காட்ட முடியாத வெறுப்பை மனிதன் வாயாற் பேசித் தீர்க்கிறான். போட்டி குறையுமிடத்திற் கண்டனம் பெருகுவது இதனாலேயே.

நான்காவது காரணம் இரகசியம். ரொக்பெல்லர் வாய் திறவாதவர். குற்றச்சாட்டுகளுக்கு மறுமொழி கூறாதிருப்பதே நன்று என்று கருதினார். அறியப்படாத ஒன்றைப் பற்றி மக்கள் நல்லதையா நினைப்பர்? மூடிய அறைக்குள் என்ன நடக்கிறதென்று தெரியாதபோது, நடக்காதவையும் நடந்தவையாகவே பரவுகின்றன. அதனோடு, உள்ளே உண்மையாகவே மறைக்கவேண்டிய சில இருந்தமையால், மௌனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாயிற்று.

இந்த மௌனச் சுவரை உடைத்தவர் ஒரு பெண்மணி. எண்ணெய் வயலிலே வளர்ந்த ஐடா டார்பெல்லின் தந்தையார் எண்ணெய்த் தாங்கிகள் செய்தும் கிணறு தோண்டியும் வாழ்ந்தவர். 1872ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் சுதந்திர ஆலைக்காரர் பக்கம் நின்று நட்டப்பட்டவர். அக்காலத்திற் பதினான்கு வயதுச் சிறுமியாயிருந்த டார்பெல், முப்பதாண்டுகளின் பின்னர், மக்ளூர் என்னும் மாத சஞ்சிகையில் 1902ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஸ்டாண்டர்ட் ஒயிலின் சரித்திரத்தைத் தொடராக எழுதினார். நீதிமன்றச் சாட்சியங்கள், விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள், பழைய பத்திரிகைகள் என்று ஆயிரக்கணக்கான பக்கங்களைத் துருவி ஆராய்ந்து எழுதிய அத்தொடர், 1904ஆம் ஆண்டில் இரண்டு பாகங்களையுடைய நூலாக வெளிவந்தது.

அவர் பெற்ற சான்றுகளுள் ஒன்று கதை போன்றது. ஸ்டாண்டர்ட் ஒயிலின் அலுவலகம் ஒன்றிற் பழைய காகிதங்களை மாதந்தோறும் எரிக்கும் வேலை ஒரு பையனுக்கு இருந்தது. ஒரு நாள் அவன் எரிக்கவிருந்த தாள்களில், தனக்கு ஞாயிறு வேதபாடம் கற்பித்த ஆசிரியரின் பெயர் மீண்டும் மீண்டும் வரக் கண்டான். அவ்வாசிரியர் ஒரு சிறு சுத்திகரிப்பு ஆலைக்காரர். அவர் எங்கே, எவ்வளவு எண்ணெய் அனுப்பினார் என்னும் விபரங்களைப் புகையிரத அலுவலகங்களிலிருந்து கம்பெனி பெற்று வந்தமை அத்தாள்களிற் காணப்பட்டது. தாள்கள் ஆசிரியரிடம் போயின. அவரிடமிருந்து டார்பெல்லிடம் போயின. நெருப்புக்குப் போகவேண்டியவை நாட்டு மக்களின் கண்ணுக்குப் போயின.

டார்பெல்லின் எழுத்திலும் தந்தையின் நோவு கலந்திருக்கவில்லையென்று கூற முடியாது. ஆயினும் அவர் பொறாமையால் எழுதியவரல்லர். அக்கம்பெனியின் ஒழுங்கையும் திறமையையும் அவர் மனந்திறந்து பாராட்டினார். அத்துணைத் திறமையுடையோர் நேர்மையாகவே வென்றிருக்கலாமே என்பதே அவருடைய மனக்குறை. பெரிதாயிருத்தலை அவர் வெறுக்கவில்லை. பெரிதான வழியையே வெறுத்தார். அக்கண்டனத்தின் வலிமை இந்த வேறுபாட்டிலேதான் தங்கியிருந்தது.

சட்டமும் ஏறக்குறைய இதே வேறுபாட்டைக் கண்டது. 1890ஆம் ஆண்டில், செனற்றர் ஜோன் ஷேர்மனின் பெயரால் வழங்கும் சட்டம், வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் கூட்டுச் சதிகளையும் ஏகபோகத்தை உண்டாக்கும் முயற்சிகளையும் குற்றமாக்கியது. 1906ஆம் ஆண்டில் அரசாங்கம் ஸ்டாண்டர்ட் ஒயில்மீது வழக்குத் தொடுத்தது. 1911ஆம் ஆண்டு மே 15ஆந் தேதி உச்ச நீதிமன்றம் அக்கம்பெனியைக் கலைக்குமாறு தீர்ப்பளித்தது; அது 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. பெரிதாயிருப்பது மாத்திரம் குற்றமன்று, நியாயமற்ற முறையில் வியாபாரத்தைத் தடுப்பதே குற்றம் என்பது அத்தீர்ப்பின் போக்கு. சுவையான செய்தி யாதெனில், பிரிந்த கம்பெனிகளின் பங்குகள் விலையேறியதால் ரொக்பெல்லர் முன்னையினும் பெருஞ் செல்வரானார். மக்களுடைய கோபம் அவருடைய பணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் பிறர் நடக்கும் வழியைத் திறந்துவிட்டது.

தானத்தால் வெறுப்பைத் தணிக்க முடியாதா என்று சிலர் கேட்கலாம். ரொக்பெல்லர் கொடுத்த கொடைகள் அளவிறந்தவை. சிக்காகோ பல்கலைக்கழகம் அவருடைய பொருளால் எழுந்தது. 1913ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் தாபனம் நிறுவப்பட்டது. அதன் நன்மை இலங்கையையும் எட்டியது. தேயிலைத் தோட்டங்களில் வெறுங்காலுடன் உழைத்த தமிழ்த் தொழிலாளரின் இரத்தத்தை உறிஞ்சிய கொளுக்கிப்புழு நோயை ஒழிப்பதற்கு, 1910களிலே அத்தாபனத்தின் உதவியுடன் இங்கு இயக்கம் தொடங்கிற்று. 1926ஆம் ஆண்டில் களுத்துறையில் அமைந்த முதலாவது சுகாதாரப் பகுதிக்கும் அதன் துணை இருந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த பணி இது. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் அமெரிக்காவில் அக்குடும்பத்தின்மீதிருந்த கசப்பு கொடையால் மட்டும் நீங்கவில்லை. தாபனம் தொடங்கிய அடுத்த ஆண்டே, கொலராடோ மாகாணத்து லட்லோவில், அக்குடும்பம் பெரும்பங்கு வகித்த சுரங்கக் கம்பெனியின் வேலைநிறுத்தத்தில், தொழிலாளரின் கூடாரங்கள் எரிந்து பெண்களும் பிள்ளைகளும் மாண்டபோது நாடு முழுவதும் கொந்தளித்தது. ஒரு கையாற் கொடுப்பது மற்றைக் கையால் எடுத்ததற்கு ஈடாகாது. மக்கள் கேட்பது தருமமன்று, நியாயம்.

இலங்கையின் சொந்த அனுபவமும் இக்கதையின் ஒரு கிளையே. 1911இற் பிரிந்த கம்பெனிகளுள் ஒன்றன் வழிவந்ததே எஸ்ஸோ. அப்பெயரே பழைய கம்பெனிப் பெயரின் இரண்டு முதலெழுத்துக்களின் ஒலியாகும். மற்றொன்றன் கூட்டுறவால் 1936ஆம் ஆண்டிற் பிறந்தது கல்டெக்ஸ். இவ்விரண்டும் ஷெல்லும் சேர்ந்து இத்தீவின் எண்ணெய் விநியோகத்தை நடத்தி வந்தன. அந்நியர் கையில் நாட்டின் விளக்கும் வண்டியும் இருக்கலாமா என்ற உணர்ச்சி வலுத்தது. 1961ஆம் ஆண்டில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1962இல் அம்மூன்று கம்பெனிகளின் உடைமைகளில் ஒரு பகுதியை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நட்டஈடு பற்றிய பிணக்கால் 1963 பெப்ருவரியில் அமெரிக்கா தன் உதவியை நிறுத்தியது. 1965இலேதான் உடன்பாடு ஏற்பட்டது.

அந்நியம் நீங்கியதோடு வெறுப்பும் நீங்கிற்றா? 2022ஆம் ஆண்டில் அந்நியச் செலாவணி வறண்டு, எண்ணெய் நிலையங்களின் முன் இரவு பகலாக மக்கள் வரிசையில் நின்றபோது, அவர்களுடைய கோபம் அரசாங்கத்தின்மீதும் அக்கூட்டுத்தாபனத்தின்மீதுமே பாய்ந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது, வெளியிணைப்பு இயந்திரப் படகையே நம்பியிருந்த கடற்றொழிலாளிக்குக் கடலும் தூரமாயிற்று. பழைய விலை அடக்க விலைக்குக் குறைந்தது என்ற விளக்கம் கூறப்பட்டது, அது பொய்யன்று. எனினும் கரையில் ஏறிக் கிடந்த படகுக்கு அந்த விளக்கம் எரிபொருளாகவில்லை. உடைமை தனியாருடையதாயினும் அரசாங்கத்தினுடையதாயினும், மனிதனுடைய வாழ்வு ஒரே வாசலில் தங்கியிருக்கும்வரை, அவ்வாசல் மூடும்போது எழும் குரலும் ஒன்றேயாம்.

அப்படியாயின், பொறாமை என்பது முழுப் பொய்யா? அதுவுமன்று. தன் சோம்பலுக்குப் பிறரின் உயர்வைக் காரணமாக்குவோர் எக்காலத்திலும் உண்டு. புதிய முறையாற் பிழைப்பிழந்தவன், நியாயமாகத் தோற்றபோதும் அநியாயமென்றே கூவுவதுண்டு. இவ்வகைக் கண்டனத்தையெல்லாம் நீதியென்று ஏற்றால் திறமைக்கு இடமில்லாமற் போகும். ஆகவே கல்லெறிபவனையும் ஆராயவேண்டும், மரத்தையும் ஆராயவேண்டும்.

ஆராய்வதற்கு மூன்று வினாக்கள் போதும். இக்கம்பெனி, தன் பொருளை நன்றாகவும் மலிவாகவும் செய்து வென்றதா, அன்றிப் பிறன் நடக்கும் பாதையை அடைத்து வென்றதா? இதனிடம் மனக்குறையுற்றவன் வேறிடம் செல்ல வழியுண்டா? கேள்வி கேட்டால் இது வெளிப்படையாக மறுமொழி கூறுகிறதா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின், அதன்மீது எறியப்படும் கல் பொறாமைக் கல்லே. அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒன்றுக்கேனும் விடை தவறினால், அக்கல்லின் பின்னே ஒரு நியாயம் மறைந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும். ஸ்டாண்டர்ட் ஒயில் முதல் வினாவிற் பாதியே தேறியது, மற்றையிரண்டிலும் தவறியது.

இவ்வினாக்கள் கம்பெனி நடத்துவோருக்கும் உரியவை. வளரும் நிறுவனம் தன் கணக்குப் புத்தகத்தில் வரவையும் செலவையும் எழுதுகிறது; தன் வளர்ச்சியாற் கதவடைத்தவர்களின் கணக்கை எழுதுவதில்லை. எழுதப்படாத அக்கணக்கை ஊர் தன் நினைவில் எழுதி வைத்துக்கொள்கிறது. ஒருநாள் ஒரு டார்பெல் பிறந்து அதனைப் படித்துக் காட்டும்போது, அது பொறாமையென்று சொல்லித் தள்ளிவிட இயலாது. காய்த்த மரம் கல்லெறி படுவது இயல்புதான். ஆனால் தன் நிழலில் மற்றைச் செடிகளையும் வளரவிட்ட மரத்தின்மீது கல் விழும்போது, அதனைத் தடுக்க நாலு கைகள் தாமாகவே முன்வரும்.